முதுகுக்கு ஏற்ற பளுப் பயிற்சி

மூட்டை தூக்குகிறோமே, தனியாக உடற்பயிற்சி எதற்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அவசரத்தில் முதுகை வளைத்துத் தூக்குவதும், மீதி நேரம் கல்லாவில் கூனி அமர்வதும் முதுகைப் பலப்படுத்துவதில்லை. வாரம் இருநாள் இரண்டு பயிற்சிகள் செய்வோம்.

ஒன்று: இரு கைகளிலும் பளுவைத் தொடையோடு ஒட்டிப் பிடித்து, முழங்காலைச் சற்றே மடக்கி, முதுகு வளையாமல் இடுப்பைப் பின்னே தள்ளிக் குனிந்து எழுதல். இது முதுகெலும்பை ஒட்டிய தசைகளுக்கு.

இரண்டு: ஒரு கையைப் பெஞ்சில் ஊன்றிக் குனிந்து, மறுகையால் பளுவை இடுப்புவரை இழுத்தல். இது மேல்முதுகுக்கு.

கைக்கு 5 கிலோ அல்லது அதற்கும் குறைவான டம்பிள்ஸ், 10 முறை வீதம் 2 சுற்று போதும். முதுகு வளையாமல் அத்தனையும் செய்ய முடிந்த பிறகே எடையைக் கூட்டுவோம். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ முதலில் மருத்துவரைப் பார்ப்போம்.

25 கிலோ சிப்பம் தூக்கும்போதும் இப்படியே இடுப்பில் மடிந்து குனிவோம்.