கிணற்றைக் கேட்டு அத்திவாரம் போடுங்கள்

மண்கும்பானில் முதன்முதலாக வீடு கட்டப் போகும் பிள்ளைகளுக்கு,

லண்டனில் உறவுக்காரர் வீட்டு நிலக்கீழ் அறையைப் பார்த்துவிட்டு, "எங்கட வளவிலும் ஒன்று எடுப்பமா?" என்று கேட்கிறீர்கள். அதுவும் அக்காவும் தங்கச்சியும் சீதன வளவில் நடுச்சுவர் வைத்துக் கட்டும் இரட்டை வீட்டில். முடிவெடுக்க முன்னம் இந்த வயது போனவன் சொல்வதையும் கேளுங்கள்.

1. கிணற்றை ஒரு வருடம் பாருங்கள். ஆவணியில் தண்ணீர் அடியில் கிடக்கும். அதை நம்பி ஆழம் குறிக்காதீர்கள். மார்கழி மழை ஓய்ந்ததும் கிணற்றுச் சுவரில் தண்ணீர் நிற்கும் இடத்தில் கரிக்கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே வெட்டினால் தண்ணீர்த்தொட்டிதான் கட்டுகிறீர்கள்.

2. பங்கரை மறக்காதீர்கள். போர்க்காலத்தில் நெஞ்சளவுக்கு வெட்டி, பனங்குற்றி பரப்பி, மண்மூட்டை அடுக்கினோம். ஐப்பசி மழை இறங்கியதும் கால் வைத்த மணலே ஊறத் தொடங்கியது. முழங்கால் தண்ணீரில் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றோம்.

3. உப்பை எழுப்பாதீர்கள். நம் வேலணைத் தீவில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கெய்பன்-ஹேர்ஸ்பேர்க் விதிப்படி, கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி இருக்கும். குழியைக் காயவைக்க நாட்கணக்கில் மோட்டர் போட்டு இறைத்தால், மேல்மட்டம் இறங்க இறங்க உப்பு கீழிருந்து ஏறிவரும். உங்கள் கிணறும் உவர்க்கும், அயலவர் கிணறும் உவர்க்கும்.

4. தரைக்குப் பயப்படுங்கள். தண்ணீர் கீழிருந்தும் தூக்கும். 10 அடிக்கு 10 அடி அறையின் அடித்தரையைவிட 3 அடி உயரத்தில் நிலத்தடி நீர் நின்றால், தரையை மேலே தள்ளும் பாரம் சுமார் எட்டரைத் தொன். அதைத் தாங்கக் கனத்த கொன்கிறீட் வேண்டும். அதற்குள் இருக்கும் கம்பியை உவர் தின்னும்.

5. நடுச்சுவர் இரண்டு பேருக்கும் சொந்தம். ஒரு பக்கம் ஆழமாக வெட்டினால் மற்றப் பக்க அத்திவாரத்தின் கீழிருந்து மணல் சரிந்து வரும். இங்கிலாந்தில் 1996 ஆம் ஆண்டுச் சட்டப்படி, அயலவர் கட்டடத்திலிருந்து 3 மீற்றருக்குள் அவர்களின் அத்திவாரத்தைவிட ஆழமாக வெட்டுவதென்றால் ஒரு மாதம் முன்னமே எழுத்தில் அறிவிக்க வேண்டும். இங்கே அந்தச் சுவர் கூடப்பிறந்தவளுடையது. முதலில் அவளைக் கேளுங்கள்; பிறகு வேலணைப் பிரதேச சபைக்கு வரைபடம் கொடுங்கள்.

6. இடம் போதாதென்றால் மேலே கட்டுங்கள். அத்திவாரத்தை உயர்த்தி, மாடி எடுங்கள். கூரைத் தண்ணீரை வளவுக்குள்ளேயே இறங்க விடுங்கள். மணல் கும்பியை வெட்டி விற்காதீர்கள். மழையைக் குடித்துக் கிணற்றுக்குக் கொடுப்பது அந்த மணல்தான்.

மண்கும்பானில் நிலக்கீழ் அறை வேண்டாம், பிள்ளைகளே. ஓர் அறை குறைந்த வீட்டில் சந்தோஷமாக இருக்கலாம். கிணறு உவர்த்துப்போன வளவில், வாளியோடு தண்ணீர்ப் பவுசருக்குக் காத்திருக்க வேண்டிவரும்.