தோல் செருப்பு நிறம் மாறுவது ஏன்?

புதிதாக வாங்கிய தோல் செருப்பு சில மாதங்களில் அடையாளம் தெரியாமல் மாறிப்போவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். "வெயில் பட்டு வெளுத்துவிட்டது" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ஆனால் வெயிலில் வெளுக்கும் செருப்பும் உண்டு, சிவக்கும் செருப்பும் உண்டு, கறுக்கும் செருப்பும் உண்டு. இவை மூன்றும் வெவ்வேறு வேதிவினைகள்.

பச்சைத் தோல் விரைவில் அழுகும். அதிலுள்ள கொலாஜன் என்னும் புரதத்தோடு டானின் என்னும் துவர்ப்புப் பொருள் சேர்ந்தால் அழுகாது. இதுவே பதனிடுதல். தமிழகத்தில் இதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டது ஆவாரம் பட்டை. நமக்கு அருகிலுள்ள திண்டுக்கல் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது.

ஆவாரம் பட்டையின் டானின் ஒளியும் காற்றும் பட்டால் சிவக்கும். இதைத் தடுக்கவே பட்டையில் பதனிட்ட தோலைக் கடுக்காய் நீரிலும் ஊற வைப்பார்கள். குரோமிய உப்பால் பதனிட்ட தோல் இவ்வாறு சிவப்பதில்லை. ஆனால் அதில் ஏற்றிய சாயத்தின் மூலக்கூறுகளைப் புற ஊதாக் கதிர்கள் சிதைப்பதால் அது வெளுக்கிறது. 1,000 மீட்டர் உயரம் ஏறினால் இக்கதிர்களின் வலிமை ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். போடியிலிருந்து போடிமெட்டு செல்பவர் ஏறக்குறைய அவ்வளவு உயரம் ஏறுகிறார். மலையில் காற்று குளிர்கிறதே தவிர, வெயில் இளகுவதில்லை.

இனிக் கறுப்பு. செருப்பில் அடித்த ஆணி துருப்பிடித்தால் அதைச் சுற்றிக் கருவட்டம் விழும். இரும்பும் டானினும் சேர்ந்த விளைவு அது. கடுக்காயும் அன்னபேதியும் கலந்து முன்னோர் எழுதுமை செய்ததும் இதே வினையால்தான். சுண்ணாம்பு போன்ற காரப் பொருள்களும் பட்டையில் பதனிட்ட தோலைக் கறுக்கச் செய்யும்.

ஏலச்செடியின் அழுகல் நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையில் இந்தச் சுண்ணாம்பு இருக்கிறது. மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர் என்பது அதன் ஒரு சத அளவு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் ஏலத்தோட்டத்தில் மருந்தடிப்பவர். அவருடைய தோல் செருப்பில் வார் ஒரு நிறம், அடி ஒரு நிறம். பாடத்தில் படித்த வினைகளை எல்லாம் அந்த ஒரு சோடியிலேயே காணலாம்.

ஆனால் நிறத்தைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. தோல் நுண்துளைகள் நிறைந்தது. அது உறிஞ்சிய பூச்சிமருந்தைக் கழுவி முழுவதும் நீக்க இயலாது. மறுநாள் அதே செருப்பை அணிந்தால், அந்த மருந்து வியர்வையில் நனைந்த காலோடு நாள் முழுவதும் ஒட்டியிருக்கும். ஆகவே மருந்தடிக்கையில் தோல் செருப்பு கூடாது. ரப்பர் பூட்ஸ் அணிந்து, மருந்து உள்ளே வழியாதபடி கால்சட்டையைப் பூட்ஸுக்கு வெளியே விட வேண்டும். வேலை முடிந்ததும் பூட்ஸைக் கழுவ வேண்டும்.

மற்ற நேரங்களில் அணியும் தோல் செருப்பை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, சிறிது எண்ணெய் தடவினால் நிறமும் உழைப்பும் நீடிக்கும்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் மலையேறி உழைப்பவர்கள் இருக்கிறார்கள். விடுமுறைக்குச் செல்லும்போது அவர்கள் காலில் கிடப்பது என்னவென்று பாருங்கள். ரப்பர் பூட்ஸ் இல்லையெனில், ஏன் வேண்டும் என்று எடுத்துச் சொல்லுங்கள். நாம் கற்ற வேதியியல் முதலில் அவர்களுக்குப் பயன்படட்டும்.