நடையும் அளவையும்

திருவண்ணாமலையில் முழுநிலா நாள்தோறும் மக்கள் வெள்ளம் மலையை வலம்வரும். அவ்வலப்பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. முன்பு அப்பாதையில் பலமுறை நடந்து, இன்று மூட்டுவலியால் திண்ணையில் அமர்ந்து அக்கூட்டத்தைக் காணும் முதியோரும் அவ்வூரில் உளர். மலையைச் சுற்றி வர இயலாமையால் அவர்களை இயக்கமற்றவர் எனலாமா? கூடாது. அவர்தம் இயக்கத்தை அளக்கும் முறையை நாம் அறிதல் வேண்டும்.

முழங்காலில் எலும்புகளின் முனைகளைக் குருத்தெலும்பு மூடியுள்ளது. அதில் குருதிக் குழாய்கள் இல்லை. மூட்டு அசையும்போது, அங்குள்ள நீர்மத்திலிருந்து அது ஊட்டம் பெறுகிறது. முதுமையில் இக்குருத்தெலும்பு தேயுமாயின் வலி தோன்றும். வலிக்கு அஞ்சி அசையாதிருப்பின், மூட்டைத் தாங்கும் தசைகள் மெலியும். தசைகள் மெலியவே வலி மேலும் மிகும். ஆதலின், முதியவர் நாள்தோறும் எவ்வளவு இயங்குகிறார் என்பதை மருத்துவர் அறிய விழைகின்றனர்.

1965ஆம் ஆண்டில் ஜப்பானில் அடிகளை எண்ணும் கருவியொன்று விற்பனைக்கு வந்தது. ‘பதினாயிரம் அடி அளவி’ என்பது அதன் பெயரின் பொருள். அவ்வெண் ஆராய்ச்சியிற் கண்ட முடிவன்று. வணிகத்தின்பொருட்டு இட்ட பெயரேயாம். மேலும், இடுப்பில் அணியும் எளிய கருவிகள் உடலின் அதிர்வைக் கொண்டே அடிகளை எண்ணுகின்றன. கால்களைத் தேய்த்து மெல்ல நடக்கும் முதியவரின் அடிகள் பலவற்றை அவை எண்ணாது விட்டுவிடும். கணுக்காலில் அணியும் கருவிகள் இக்குறையைப் பெரிதும் நீக்குகின்றன.

கருவியின்றியும் அளக்கலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர எத்தனை நொடிகள் ஆகின்றன என்று மருத்துவர் கணக்கிடுவர். வினாக்கள் கேட்டறிவதும் உண்டு. அவ்வினாக்கள் நம் வாழ்க்கைக்குப் பொருந்துதல் வேண்டும். தோட்டத்தில் உலாவினீரா என்று மட்டும் கேட்டால், வாசல் பெருக்கிக் கோலமிட்டு, குடத்தில் நீர் சுமந்து, தரையில் அமர்ந்து எழும் மூதாட்டியின் உழைப்பு ஏட்டில் ஏறாது.

முதியோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமாக இயங்குதல் நன்று என உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் அறிவித்தது. அவ்வளவு இயலாதோர் தம்மால் இயன்ற அளவு இயங்கலாம். சிறிது இயங்குதலும் வாளா இருத்தலினும் மேல் என்று அது கூறுகிறது. நேற்றுத் திண்ணையளவில் நின்ற முதியவர் இன்று தெருமுனைவரை சென்று மீள்வாராயின், அது சிறந்த முன்னேற்றமாகும். பிறர் நடந்த தொலைவன்று, தம் நேற்றைய நிலையே அவருக்கு உரிய அளவுகோல்.