பெருங்களத்தூரில் பிறந்த வண்டி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. பெங்களூருவில் பார்த்த பச்சை நிற எம்.ஜி. மிட்ஜெட், திண்டுக்கல் பக்கம் ரைஸ்மில் கொட்டகையில் நிற்கும் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இரண்டையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றைத்தான் எடுக்க முடியும், எதை எடுக்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். ஹெரால்டை எடு.

நீ கேட்டது ஸ்போர்ட்ஸ் கார், நான் சொல்வது அந்தக் காலத்துக் குடும்ப வண்டி. உனக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் ஹெரால்டின் வம்சம் தெரிந்தால் மனம் மாறுவாய். 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்ட் வெளிவந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. மூன்றே ஆண்டில், 1962இல், அதே சேசிஸைக் குறுக்கி அதன்மேல் இரண்டு இருக்கை உடலை மிக்கெலோட்டியே வரைந்து கொடுத்தார். அதுதான் ஸ்பிட்ஃபயர். முன் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் ராக், பின்னால் குறுக்கே கிடக்கும் பட்டை ஸ்பிரிங், மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் மூக்கு நோக்கிக் கவிழ்ந்து திறக்கும் பானெட் எல்லாம் ஒரே குடும்பச் சொத்து. லோட்டஸ் எலான் என்ற பெயரைக் கேட்டாலே கார் பைத்தியங்களுக்கு மூச்சு நின்றுவிடும். அதன் முன்சக்கரத் தாங்கிகளும் ஸ்டீயரிங் ராக்கும்கூட டிரையம்ப் வழி வந்தவைதான்.

அந்த ஹெரால்டை 1961 முதல் இந்தியாவில் செய்த இடம் உன் வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. சாலையோரம் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலை இருந்தது. இன்று அந்த மண்ணில் ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. ஸ்ரீராம் கேட்வே என்றால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும், ஸ்டாண்டர்ட் கம்பெனி என்றால் பெரியவர்களுக்குத்தான் தெரியும்.

இங்கிலாந்தில் டிரையம்ப் கம்பெனிக்கு வழக்கமாக உடல் செய்து தந்த ஆலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. அதனால் உடலைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, தனிச் சேசிஸ்மேல் போல்ட் போட்டுப் பூட்டும்படி ஹெரால்டை அமைத்தார்கள். தட்டுப்பாட்டில் பிறந்த அந்த அமைப்பு, பெரிய அச்சு எந்திரங்கள் இல்லாத ஊர்களிலும் வண்டியைக் கோத்தெடுக்க வசதியாயிற்று. உனக்கும் அது பெரிய வசதி. அழுகிய பகுதியைக் கழற்றி, சரிசெய்து, திரும்பப் பூட்டலாம். மிட்ஜெட்டில் தரையும் உடலும் ஒன்றாகப் பற்றவைத்த கூடு. அதில் துரு உள்ளே போய்விட்டால் நல்ல டிங்கர் கிடைக்கும் வரை வண்டி ஷெட்டில்தான்.

வேகத்தைப் பற்றிப் பொய் சொல்லமாட்டேன். 948 சி.சி. எஞ்சின், நாற்பதுக்கும் குறைவான குதிரைத்திறன். பைபாஸில் போனால் புது ஹேட்ச்பேக் எல்லாம் உன்னைத் தாண்டிப் போகும். ஆனால் ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார், சாலை விரல் நுனிக்கு வந்துவிடும். திரும்பும் வட்டம் ஏறக்குறைய 25 அடிதான். உன் ஊர் நீர்வண்ணப் பெருமாள் கோயில் சந்நிதித் தெருவில் தேர்நிலைக்குப் பக்கத்தில்கூடத் தயங்காமல் வளைத்து எடுக்கலாம். ஓட்டுகிறவன் கையும் காலும் காதும் சேர்ந்து வேலை செய்கிற வண்டியைத்தான் நான் ஸ்போர்ட்ஸ் கார் என்பேன். சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திய காலத்தில் அங்கே சீறியவை பெரும்பாலும் ஃபியட்டும் ஹெரால்டும் அம்பாசடரும்தான். பின்னால் கோவையின் கரிவர்தன், தெருவில் ஓடும் மாருதி 800இன் எஞ்சினை எடுத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தய வண்டியையே உருவாக்கினார். இந்த நாட்டில் கார் பந்தயம் வளர்ந்தது, கைக்கு எட்டிய இரும்பைக் கூர்தீட்டித்தான்.

மிட்ஜெட் மோசமான வண்டி இல்லை. அது அருமையான வண்டி. எனக்குப் பயம் அதன் காகிதங்களில். ஆர்.சி. புத்தகம் பிறகு வரும் என்று அந்த விற்பனையாளர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். வெளிநாட்டு வண்டிக்கு ஆர்.சி. மட்டும் போதாது, சுங்கவரி கட்டி உள்ளே வந்ததற்கான ஆவணமும் வேண்டும். வரி கட்டாத வண்டியைச் சுங்கத்துறை எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளும், இப்போதைய ஓனர் அப்பாவியாக இருந்தாலும். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் நீயே கண்ணால் பார்த்து, அசல் ஆர்.சி.யோடு ஒப்பிடும் வரை எந்த வண்டிக்கும் அட்வான்ஸ் கொடுக்காதே. திண்டுக்கல் வண்டிக்கும் இதே விதிதான்.

வின்டேஜ் பதிவைப் பற்றிக் கேட்டிருந்தாய். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். ஹெரால்டுகள் எல்லாமே இப்போது ஐம்பதைக் கடந்துவிட்டன. ஆனால் அவசரப்பட்டு அந்தப் பக்கம் போகாதே. அந்த எண் உள்ள வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கோ வாடகைக்கோ எடுக்க முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் அனுமதி. நீ ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓட்ட ஆசைப்படுகிறவன். சாதாரணப் பதிவை எஃப்.சி. காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போ. செலவுதான், பசுமை வரியும் உண்டு, இருந்தாலும் சாலை உன்னுடையதாக இருக்கும். வின்டேஜ் விதி இன்னொன்றும் சொல்கிறது: சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஒருகாலத்தில் பல ஹெரால்டுகளின் வயிற்றில் டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடு.

பார்க்கப் போகும்போது ஒரு காந்தம், ஒரு டார்ச், பழைய சட்டை ஒன்று எடுத்துக்கொண்டு போ. பழைய சட்டை எதற்கென்றால், நீ வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். பெயின்டைப் பார்த்து மயங்காதே, பெயின்ட் யார் வேண்டுமானாலும் அடித்துத் தருவார்கள். சேசிஸின் பக்கவாட்டுக் கைகளில் காந்தத்தை வை. ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டி பார்த்து மறைத்திருக்கிறார்கள். கதவிடுக்கை மேலும் கீழும் பார். மேலும் கீழும் ஒரே அகலமாக இல்லாவிட்டால் சேசிஸ் தொய்ந்திருக்கலாம் என்று அர்த்தம். சென்னைக் கடலோரத்தில் நாற்பது ஆண்டு நின்ற வண்டியைவிட மதுரை, திண்டுக்கல், கோவை பக்கத்து வறண்ட காற்றில் நின்றது எப்போதும் மேல். உன் திண்டுக்கல் வண்டியின்மேல் எனக்கு ஆசை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் பக்கத்து வண்டி ஏதாவது விலைக்கு வந்தால் 2015 டிசம்பரை மறக்காதே. அடையாறு பொங்கி வரதராஜபுரம், முடிச்சூர், அனகாபுத்தூர் எல்லாம் மூழ்கிய வெள்ளம் அது. அன்று தண்ணீரில் நின்ற கார்கள் பல, பளபளப்பாகித் திரும்பவும் விற்பனைக்கு வந்தன. ஹெட்லைட் கிண்ணத்தைக் கழற்றிப் பார். இருக்கைக்கு அடியில் ஸ்பிரிங் கம்பிகளைத் தடவிப் பார். வண்டல் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது உயிர் விஷயம். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து உருக்குத் தண்டின் கீழ்முனையில் மரை இருக்கும். அது ஒரு பித்தளைக் குப்பிக்குள் திருகப்பட்டிருக்கும், அதற்கு ட்ரனியன் என்று பெயர். ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் அந்த மரை குப்பிக்குள் சுழல்கிறது. அங்கே போட வேண்டியது தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில். கிரீஸ் நிப்பிள் போலத் தெரிவதால் சர்வீஸ் ஸ்டேஷனில் பையன்கள் வழக்கம்போல் கிரீஸை அடித்துவிடுவார்கள். கிரீஸ் நாளாவட்டத்தில் இறுகும், மரைக்குள் எண்ணெய் ஏறாது, மழைத்தண்ணீர் மட்டும் ஏறும். உள்ளுக்குள் துரு தின்று, ஒருநாள் வண்டியை ஒடித்துத் திருப்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மடிந்து படுத்துவிடும். வாங்கிய முதல் வாரமே இரண்டு பக்கமும் கழற்றிப் பார், தண்டில் அரிப்பு தெரிந்தால் மாற்று. பிறகு ஆயில் கன்னால் மேலே கசியும் வரை எண்ணெய் ஏற்று. இந்த வேலையை யாரிடமும் ஒப்படைக்காதே, நீயே செய்.

அடுத்தது பெட்ரோல். இப்போது பங்கில் வருவதில் 20 விழுக்காடு வரை எத்தனால். பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரத்தையும் அது இளக்கிவிடும், நம் ஊர் ஈரக்காற்றிலிருந்து தண்ணீரையும் இழுத்து டேங்கின் அடியில் சேர்க்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ்களாக மாற்று. டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்க விடாதே. 2000க்கு முன் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த வால்வ் சீட்டுகள் இவை, ஹெட்டைக் கழற்றும் வேளை வந்தால் கடினமான சீட் வைத்துவிடு. புஷ், பின், சீட் கடைவதற்கெல்லாம் நீ புதுப்பேட்டைக்கும் போக வேண்டாம், திருமுடிவாக்கம் சிட்கோ எஸ்டேட்டில் லேத் கடைகள் இருக்கின்றன. அங்கே கிடைக்காததற்கும் வழி உண்டு. ஸ்பிட்ஃபயருக்காக இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிற உதிரிகளில் பல ஹெரால்டுக்கும் பொருந்தும்.

ஓட்டுவதைப் பற்றி ஒன்றே ஒன்று. ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் டிஃபரன்ஷியல் அருகே கீல் வைத்த கதவு போலத் தனித்தனியாக மேலும் கீழும் அசையும். வேகமாக வளைவுக்குள் போய், பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் தூக்கும், வெளிச்சக்கரம் உள்ளுக்கு மடங்கும், வால் சுழன்றுவிடும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறை. வளைவுக்குள் கால் மெல்லிசாக மிதித்தபடியே இருக்கட்டும். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் விடியற்காலையில் நிதானமாகப் பழகு. ஓராண்டு பழகிய பிறகு கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்குப் போ. இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வா, டிரம் பிரேக்கை நம்பாதே.

சேகரிப்பு என்று நீ எழுதியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து வண்டி வாங்கி நிறுத்துவதில் எனக்கு மதிப்பில்லை. ஓடாத வண்டி ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொஞ்சம் சாகிறது. ஒரு வண்டி போதும், ஆனால் அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் சேர். திண்டுக்கல் வண்டி நான்கு கதவு என்று குறைப்பட்டிருக்கிறாய். இரண்டு கதவு அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்கு கதவு ஹெரால்ட் இந்தியாவில் மட்டுமே பிறந்தது, வேறு எந்த நாட்டிலும் செய்யவில்லை. அதைத் தீட்டிக் கொடுத்தவை பெருங்களத்தூர்க் கைகள்.

அந்தக் கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. 1972இல் ஹெரால்டை மாற்றி கெஸல் செய்தார்கள், 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 வந்தது, எண்பதுகளின் கடைசியில் உற்பத்தி நின்றுபோனது. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கே இப்போது வயதாகிவிட்டது. தாம்பரம், பீர்க்கன்கரணை, சேலையூர்த் தெருக்களில் கேட்டுப் பார். பெயின்ட் ஷாப்பில் இருந்தவர், அசெம்பிளியில் கதவு பொருத்தியவர், வண்டியைச் சோதனைக்கு ஓட்டிப் பார்த்தவர் யாராவது இருப்பார். ஆட்டமில்லாமல் கதவை எந்த வரிசையில் பூட்டினார்கள், பின் ஆக்ஸிலுக்கு எத்தனை ஷிம் வைத்தார்கள் என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இப்படி இருக்காது. போனில் பதிவு செய், எழுதி வை, தேதி போடு. வண்டியை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். இவர்களிடம் போவதற்கு இந்த மாதமே கிளம்பு.

திண்டுக்கல்லுக்கு எப்போது போகிறாய் என்று எழுது. கொட்டகைக்காரரிடம் வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. குளிர்ந்த எஞ்சினை நீ போய்த்தான் முதலில் கிளப்ப வேண்டும், அப்போது சைலன்சரில் வரும் புகையின் நிறத்தை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பு. நீலமாக இருந்தால் விலையில் ரிங் செட்டுக்கும் போர் வேலைக்கும் கழித்துக் கேள்.

அன்புடன்,
உன் அண்ணன்