வரி கூடினால் யாருடைய சோறு குறையும்?

(குழுவாக அமர்ந்து கற்பதற்கான பாடம். ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். கணக்குகள் வரும் இடங்களில் சற்று நிறுத்தி, உங்கள் வீட்டுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.)



மது, சிகரெட், எரிபொருள் ஆகியவற்றின் விலை கூடுகிறது என்ற செய்தி இரவு வானொலியில் வந்தால், மறுநாட் காலை கிராமத்துக் கடைவாசலில் என்ன பேச்சு நடக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

"நாள் முழுக்க வெயிலுக்கை நிண்டுபோட்டு ஒரு கிளாஸ் குடிக்கிறதையும் உவைக்குப் பொறுக்கேல்லை" என்பார் ஒருவர்.

"நல்லது, இன்னும் கூட்டட்டும். அப்பவாவது இந்த மனிசன் நிப்பாட்டுதோ பாப்பம்" என்பார் சீனி வாங்க வந்த தாய் ஒருவர்.

"அதை விடுங்கோ அக்கா. டீசல் கூடினால் நானும் உழவுக் கூலியைக் கூட்டத்தானே வேணும்" என்பார் உழவு இயந்திரம் ஓட்டும் தம்பி. அவ்வளவில் கடைவாசல் அமைதியாகிவிடும்.

ஒரே செய்திக்கு இத்தனை விதமான பதில்கள். இவற்றில் எது சரி? எல்லாவற்றையும் 'விலையேற்றம்' என்ற ஒரே சாக்கினுள் போட்டுக் கட்டிவிட்டால் இக்கேள்விக்கு விடை கிடையாது. சாக்கை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. கண்ணுக்குத் தெரியாத வரி

வரி இரு வகைப்படும். வருமானத்தின் மீது நேரடியாக அறவிடப்படுவது நேர் வரி. வருமானம் கூடியவரிடம் கூடுதலாகவும், குறைந்தவரிடம் குறைவாகவும் அது அறவிடப்படும். மற்றையது மறைமுக வரி. பொருளின் விலைக்குள் அது ஒளிந்திருக்கும். மதுவரி, சுங்க வரி, பெறுமதி சேர் வரி (வற்) என்பன இவ்வகையின. இலங்கை அரசாங்கத்தின் வரி வருமானத்தில் பெரும்பகுதி இந்த மறைமுக வரிகளிலிருந்தே கிடைக்கின்றது.

'நாங்கள் ஏழைகள், நாங்கள் எங்கே வரி கட்டுகிறோம்?' என்று சிலர் நினைப்பதுண்டு. அது தவறு. ஒரு லீற்றர் பெற்றோல் வாங்கும் கூலித் தொழிலாளியும், மாளிகையில் வாழும் முதலாளியும் அந்த ஒரு லீற்றருக்குக் கட்டும் வரி ஒன்றே. முதலாளிக்கு அது கைச்செலவு. தொழிலாளிக்கோ அது அன்றைய கூலியின் ஒரு பங்கு. ஆகவே நாமும் வரி செலுத்துவோரே. கேள்வி கேட்கும் உரிமையும் எமக்கு உண்டு.

2. விடக்கூடியதும் விடமுடியாததும்

மது, புகையிலை ஆகியவற்றின் மீதான வரிக்கு அரசாங்கம் இரு காரணங்களைச் சொல்கிறது. ஒன்று வருமானம். மற்றையது மக்களின் சுகாதாரம். விலை கூடினால் பாவனை குறையும் என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட உண்மை. அதிலும் இளைஞரும், வருமானம் குறைந்தவர்களுமே விரைவாகக் குறைக்கின்றனர். சிகரெட்டின் சில்லறை விலையில் 75 வீதமாவது வரியாக இருக்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் ஆலோசனை கூறுவது இதனாலேயே.

எரிபொருள் அப்படியானதல்ல. வெங்காயத்திற்குத் தண்ணீர் இறைப்பதை எந்தக் கமக்காரராலும் நிறுத்த முடியாது. கர்ப்பிணித் தாயை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் முச்சக்கர வண்டியை, 'விலை கூடிவிட்டது, இன்று வேண்டாம்' என்று சொல்ல முடியாது. மேலும் எரிபொருள் விலை தனித்து நிற்பதில்லை. பஸ் கட்டணம், உழவுக் கூலி, சந்தைக்கு ஏற்றும் கூலி, மீன் விலை, பாண் விலை என எல்லாவற்றின் முதுகிலும் அது ஏறிக்கொள்ளும். சைக்கிள்கூட இல்லாத வீட்டிலும் எரிபொருள் வரி செலுத்தப்படுகிறது.

இடம்பெயர்ந்து வாழும் குடும்பத்திற்கு இச்சுமை இரட்டிப்பு. குத்தகைக் காணி தூரத்தில் இருக்கும். சொந்தக் காணியைப் பார்த்துவரப் பஸ் ஏற வேண்டும். கிணற்றில் மின் மோட்டார் பூட்ட வசதி இராது. 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் திரியைக் குறைத்து வைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்த தாய்மாருக்கு, ஒரு போத்தல் மண்ணெண்ணெயின் பெறுமதியை நாம் விளக்கத் தேவையில்லை.

3. எல்லா விலையேற்றமும் வரியல்ல

இங்கே ஒரு தெளிவு வேண்டும். எரிபொருள் விலை நான்கு காரணங்களால் ஏறலாம். உலகச் சந்தை விலை ஏறுதல், ரூபாவின் பெறுமதி வீழ்தல், அரசாங்கம் கொடுத்துவந்த மானியம் நிறுத்தப்படுதல், வரி கூட்டப்படுதல் என்பனவே அவை.

2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல், 2022 ஜூன் முடிவில் 460 ரூபாவாயிற்று. அதே காலத்தில் பெற்றோல் 177 ரூபாவிலிருந்து 470 ரூபாவாயிற்று. இதற்கு முக்கிய காரணம் வரியல்ல. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் சில வாரங்களில் 360 ரூபாவளவுக்குச் சென்றது. உக்ரேன் போரினால் உலகச் சந்தை விலையும் ஏறியது.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியது. இது மானியம் நிறுத்தப்பட்டதன் விளைவு.

2024 ஜனவரி முதலாந் திகதி பெற்றோல் 346 ரூபாவிலிருந்து 366 ரூபாவாகவும், டீசல் 329 ரூபாவிலிருந்து 358 ரூபாவாகவும் கூடியது. இது வரியினால் வந்தது. அன்றுதான் 'வற்' வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக்கப்பட்டு, அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த எரிபொருளுக்கும் விதிக்கப்பட்டது.

காரணம் தெரிந்தால்தான் யாரிடம், எதைக் கேட்பது என்பது தெரியும். உலகச் சந்தை விலையைக் குறைக்குமாறு பிரதேச செயலாளரிடம் மனுக் கொடுப்பதில் பயனில்லை. மானியம் நிறுத்தப்பட்டால் கமக்காரருக்கும் மீனவருக்கும் மாற்று உதவி என்ன என்று கேட்பதில் பயனுண்டு.

இப்போது ஒரு கணக்கு. அரை ஏக்கர் தோட்டத்திற்கு ஒரு முறை தண்ணீர் இறைக்க 2 லீற்றர் மண்ணெண்ணெய் செலவாகிறது, மாதம் 10 முறை இறைக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 லீற்றர். 87 ரூபாப்படி 1,740 ரூபா. 340 ரூபாப்படி 6,800 ரூபா. ஒரு மாதத்திற்கு 5,060 ரூபா மேலதிகச் செலவு. விளைச்சல் கைக்கு வருமுன்னர் இப்பணத்தை எங்கே எடுப்பது? பலருக்கு வட்டிக் கடனும் நகை அடைவுமே வழியாயின.

4. மக்கள் எவ்வாறு குரல் கொடுத்தார்கள்?

இலங்கையில் மக்கள் பெரும் எண்ணிக்கையில் வீதிக்கு இறங்கிய வேளைகளை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கப்பட்டபோது ஆகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால் வெடித்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 2022 ஏப்ரல் 19ஆந் திகதி ரம்புக்கனையில் எரிபொருளுக்காகப் போராடிய மக்கள்மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். எரிபொருள், எரிவாயு, மின்சாரம் ஆகியவற்றுக்காக எழுந்த மக்களின் சீற்றம் அவ்வாண்டு ஜூலையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவைப் பதவி துறக்கச் செய்தது.

மதுவைப் பொறுத்தவரை வரலாறு மறுபுறமாக இருந்தது. 1904இலும் 1912இலும் இந்நாட்டில் எழுந்த மதுவிலக்கு இயக்கங்கள், 'மதுவை மலிவாகத் தா' என்று கேட்கவில்லை. மக்களின் குடியிலிருந்து ஆங்கிலேய அரசாங்கம் வருமானம் தேடுவதையே அவை எதிர்த்தன.

செல்வந்த நாடுகளிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். பிரான்சில் 2018 முதல் சிகரெட் வரி படிப்படியாகக் கூட்டப்பட்டு, 2020இல் ஒரு பெட்டி 10 யூரோவை எட்டியது. முணுமுணுப்பு இருந்தது. ஆனால் நாடு முழுவதையும் வீதிக்குக் கொண்டுவந்தது 2019இல் நடைமுறைக்கு வரவிருந்த எரிபொருள் வரி உயர்வே. 2018 நவம்பர் 17ஆந் திகதி மஞ்சள் மேலங்கி அணிந்து வீதிகளை மறித்தவர்களுள் பலர், வேலைக்கும் கடைக்கும் தூரம் பயணிக்க வேண்டிய கிராமப்புற மக்கள். அடுத்த மாதமே அரசாங்கம் அவ்வுயர்வைக் கைவிட்டது.

மக்களின் மனச்சாட்சி இவ்விரண்டையும் இயல்பாகவே பிரித்தறிகிறது. நாமும் பிரித்தறிந்து பேசுவோம். விடமுடியாத பொருளின் மீது வரி ஏறும்போது, ஏழைக்கு நிவாரணம் எங்கே என்று ஒன்றுசேர்ந்து கேட்போம். விடக்கூடிய பொருளின் மீது வரி ஏறும்போது, அதை விடுவதற்கு ஒருவருக்கொருவர் துணை நிற்போம்.

5. மதுவரியும் அடுப்படியும்

துணை நிற்போம் என்று சொல்வது இலகு. நடைமுறையோ கடினமானது.

2023 ஜனவரியிலும் மீண்டும் ஜூலையிலும் மதுவரி 20 வீதம் வீதமாகக் கூட்டப்பட்டது. 2024 ஜனவரியில் 14 வீதமும், 2025 ஜனவரியில் ஏறத்தாழ 6 வீதமும் கூடின. இதன்பின் ஒரு வீட்டில் என்ன நடக்கலாம்?

தகப்பன் ஒருவர் மாதம் 50,000 ரூபா உழைக்கிறார், அதில் 10,000 ரூபாவைக் குடிக்குச் செலவிடுகிறார் என்று கொள்வோம். மதுவின் விலை 20 வீதம் கூடுகிறது. அவருக்கு முன்னே மூன்று பாதைகள் உண்டு.

முதலாவது பாதை, முன்போலவே குடிப்பது. செலவு 12,000 ரூபாவாகும். மேலதிகமான 2,000 ரூபா எங்கிருந்து வரும்? பிள்ளைகளின் முட்டையிலிருந்தும், கொப்பியிலிருந்தும், தாயின் மருந்திலிருந்தும் வரும். குடிப்பவர் தகப்பன். ஆனால் வரியைச் செலுத்துவது அடுப்படி.

இரண்டாவது பாதை கசிப்பு. பணம் மிஞ்சுவதுபோலத் தோன்றும். சாராயத்தின் விலை ஏற ஏறக் கசிப்பை நாடுவோர் தொகை கூடியதை நமது கிராமங்களிலே கண்டோம். காய்ச்சுபவர் என்ன கலக்கிறார் என்பது குடிப்பவருக்குத் தெரியாது. மெதனோல் எனும் நச்சுச் சாராயம் கலந்தால் கண்பார்வை போகும், உயிரும் போகும். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் மலிவான கள்ளச் சாராயம் குடித்த 60க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள்.

மூன்றாவது பாதை குறைப்பது. ஐந்து பங்கு குடித்தவர் ஒரு பங்கைக் குறைத்து நான்காக்கினால், கூடிய விலையிலும் செலவு 9,600 ரூபாதான். 400 ரூபா வீட்டுக்கு மிஞ்சும். முழுவதும் விட்டால் 10,000 ரூபாவும் மிஞ்சும். முன்னர் கண்ட தண்ணீர் இறைக்கும் கணக்கில் மண்ணெண்ணெய்க்குத் தேவையான 6,800 ரூபாவை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதைச் சொல்லும்போது நாம் யாரையும் பழிக்கவில்லை. காணியையும், மாட்டையும், சில வேளைகளில் பிள்ளையையும் இழந்து, வேலையின்றி முகாமில் குந்தியிருந்த காலத்தில்தான் பலர் குடியைப் பழகினர். துக்கத்திற்கு மருந்தென வந்தது வீட்டையே பிடித்துக்கொண்டது. அவர்களை ஏசுவதால் அது போகாது. பல வருடங்களாகத் தினமும் அதிகம் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் என்பன வரலாம். அது உயிராபத்தானது. ஆகவே அவரை அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று, வைத்தியரின் ஆலோசனையுடன் நிறுத்தச் செய்வதே முறை.

புகையிலை நடும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. புகைப்போர் தொகை குறையக் குறைய உங்கள் சந்தையும் சுருங்கும் என்ற பயம் நியாயமானது. முழுத் தோட்டத்தையும் ஒரே போகத்தில் மாற்றத் தேவையில்லை. ஒரு பகுதியில் வெங்காயம், மிளகாய், பயறு என வைத்துப் பழகுங்கள். விதைக்கும் சந்தைக்கும் கமநல சேவை நிலையத்தின் உதவியைக் கமக்காரர் அமைப்பின் மூலம் கேளுங்கள்.

6. நாம் செய்யக்கூடியவை

- ஒரு கொப்பியில் மூன்று மாதத்திற்கு வீட்டுச் செலவை எழுதுங்கள். மது, வெற்றிலை, புகையிலை, எரிபொருள் என்பவற்றைத் தனித்தனியே எழுதுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே எழுதுங்கள்.
- அயலில் உள்ள நான்கைந்து தோட்டக்காரர் சேர்ந்து ஒரே உழவு இயந்திரத்தைப் பிடித்தால், சந்தைக்கு ஒரே வாகனத்தில் ஏற்றினால், எரிபொருட் செலவைப் பங்கிடலாம்.
- தண்ணீரைக் காலையிலோ மாலையிலோ இறையுங்கள். வாய்க்காலைத் திருத்தி, பயிரடியில் சருகு மூடாக்கு இட்டால் இறைக்கும் தடவைகள் குறையும்.
- சிறுவரைச் சிகரெட், பீடி வாங்கக் கடைக்கு அனுப்பாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதிற்குட்பட்டவருக்கு இவற்றை விற்பது குற்றம்.
- கசிப்புக் காய்ச்சும் இடம்பற்றித் தனியொருவர் முறையிடப் பயப்படலாம். மாதர் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து எழுத்தில் முறையிடுங்கள்.
- எரிபொருள் விலை ஏறும்போது, கமக்காரர் அமைப்பின் பெயரில், கணக்குடன் மனு எழுதுங்கள். 'கஷ்டப்படுகிறோம்' என்பதிலும் '20 லீற்றருக்கு 5,060 ரூபா கூடிவிட்டது' என்பதற்கு வலிமை அதிகம்.

கலந்துரையாடுவதற்கான வினாக்கள்

1. கடைவாசலில் பேசிய மூவரில் யாருடைய பேச்சு உங்கள் வீட்டுப் பேச்சைப் போன்றது?
2. கடைசியாக எரிபொருள் விலை ஏறியபோது எந்தச் செலவைக் குறைத்தீர்கள்? அதனால் வீட்டில் அதிகம் பாதிக்கப்பட்டவர் யார்?
3. அந்த விலையேற்றத்திற்கு மேற்கூறிய நான்கு காரணங்களில் எது காரணம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா?
4. குடியை விட விரும்பும் ஒருவருக்கு உங்கள் கிராமம் என்ன துணை செய்கிறது? ஒன்றுமில்லையாயின், முதலில் யார் என்ன செய்யலாம்?
5. மது, புகையிலை வரியால் வரும் பணம் எதற்குச் செலவிடப்பட வேண்டுமென அரசாங்கத்திடம் கேட்பீர்கள்?

அடுத்த கூட்டத்திற்கு வரும்போது செலவுக் கொப்பியையும் கொண்டுவாருங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. எல்லோருடைய கொப்பியிலும் ஓட்டை உண்டு. எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்தால்தான் அடைக்கலாம்.