கீயெஸ் எழுத்தும் அதன் குறியெண்ணும்

எத்தியோப்பியாவிலும் எரித்திரியாவிலும் வழங்கும் எழுத்துமுறை கீயெஸ் எனப்படும். அப்பெயருடைய பழைய செம்மொழி இன்று பேச்சு வழக்கில் இல்லையெனினும், திருச்சபை வழிபாட்டில் நிலைபெற்றுள்ளது. அதன் எழுத்துக்களைக் கொண்டே அம்ஹாரிக், திக்ரிஞா முதலிய மொழிகள் எழுதப்படுகின்றன. இவற்றுள் முதலெழுத்தாகிய 'ஹோய்' கணிப்பொறியில் எவ்வாறு பதிவாகிறது என்பதை ஈண்டுக் காண்போம்.

குறியெண்

கணிப்பொறி எழுத்தின் வடிவை அறியாது, எண்ணையே அறியும். ஆதலின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வகுக்கப்படுகிறது. ஒரு பைட்டில் 256 எண்களே அடங்கும். கீயெஸ் எழுத்துக்களோ, உயிர்மெய் வடிவங்கள் யாவும் சேர, அவ்வளவில் அடங்கா. முற்காலத்தில் எழுத்துரு ஆக்கியோர் தத்தம் முறைப்படி இடங்களை வகுத்தமையால், ஓர் எழுத்துருவில் எழுதியது மற்றொன்றில் படிக்க இயலாததாயிற்று. 1999-ஆம் ஆண்டில் வெளியான ஒருங்குறியின் மூன்றாம் பதிப்பு இவ்வெழுத்துக்களுக்குப் பொதுவான எண்களை வழங்கியது.

ஹோய் எழுத்தின் குறியெண் 4608. அதன் ஏழு உயிர் வடிவங்களும் 4608 முதல் 4614 வரை தனித்தனி எண்கள் பெற்றுள்ளன. ஒருங்குறியில் தமிழ் 'ஹு' என்பது 3001, 3009 என்னும் இரண்டு எண்களால் ஆகும். முன்னது ஹகரத்தையும் பின்னது உகரக் குறியையும் காட்டும். கீயெஸ் 'ஹு' என்பதற்கோ 4609 என்னும் ஒரே எண் போதும்.

பைட்டுகளாகப் பிரித்தல்

இந்த எண்ணைக் கோப்பில் எழுதுதற்குப் பெருவழக்காயுள்ள முறை யூ.டி.எஃப்-8 ஆகும். 4608 என்பது 1×4096 + 8×64 + 0 எனப் பிரியும். முதற்பகுதியோடு 224-ஐயும், ஏனைய இரண்டோடு 128-ஐயும் கூட்டினால் 225, 136, 128 என மூன்று பைட்டுகள் கிடைக்கும். தமிழ் எழுத்துக்களும் இவ்வாறே மூன்று மூன்று பைட்டுகளாக அமைகின்றன.

ஒலி ஒன்று, எழுத்து மூன்று

'ஹோய்' (4608), 'ஹௌத்' (4624), 'ஹர்ம்' (4736) ஆகிய மூன்றும் கீயெஸ் மொழியில் வெவ்வேறு ஒலிகளுக்கு உரியவை. அம்ஹாரிக் மொழியில் மூன்றும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. அதுபற்றி அவற்றிற்கு ஒரே எண் தந்திருப்பின், பழைய சுவடிகளின் எழுத்து வேறுபாடு மீட்க முடியாதபடி அழிந்திருக்கும். தமிழர் பலர் நகர னகரங்களை ஒன்றுபோல ஒலிப்பினும், எழுத்தில் அவற்றை ஒன்றாக்க ஒருவரும் உடன்படார் என்பதை இங்கு எண்ணுக. குறியெண் எழுத்தைக் குறிப்பதேயன்றி, ஒலியைக் குறிப்பதன்று.

எனினும் இதனால் ஓர் இடர்ப்பாடு உண்டு. 'ஹைலே' என்னும் பெயரைச் சிலர் ஹர்ம் கொண்டும், சிலர் ஹோய் கொண்டும் எழுதுவர். பதிவேட்டில் ஒன்றாக இருக்க, மற்றொன்றால் தேடினால், அப்பெயருடையவர் பதிவேட்டிலேயே இல்லை என்று கணிப்பொறி கூறும். தேடும்பொழுது மட்டும் மூன்றையும் ஒன்றாகக் கொள்ளுமாறு நிரலை அமைத்தலே இதற்குத் தீர்வு. பதிந்த எழுத்தைத் திருத்துதல் தீர்வன்று.

பணியாளர் கருத்திற்கு

எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் தோன்றினால், பெரும்பாலும் உரிய எழுத்துரு இல்லை என்பதே பொருள், குறியெண் கெடவில்லை. ஓர் எழுத்திற்கு மூன்று வேற்றுக் குறிகள் தோன்றினால், மூன்று பைட்டுகளும் மூன்று தனி எழுத்துக்களாகப் படிக்கப்படுகின்றன என்று அறிக. இவ்விரு நிலையிலும் கோப்பை மாற்றிச் சேமித்தல் கூடாது. முன்னதற்கு எழுத்துருவை நிறுவுதலும், பின்னதற்குப் படிக்கும் முறையை மாற்றுதலும் வேண்டும்.

பயிற்சி: ஹௌத் எழுத்தின் குறியெண்ணை மாணவர் மூன்று பைட்டுகளாகப் பிரிக்க. (விடை: 225, 136, 144.)