திரைவழிக் கால்நடை மருத்துவக் கல்வி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2020-ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது இந்தியக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் பாடங்கள் இணையவழிக்கு மாறின. அக்கல்வியைப் பற்றி நிலவும் கருத்துகள் சிலவற்றை ஆராய்ந்து பார்ப்பது பயனுடையது.

நம்பிக்கை: விலங்கைத் தொடாமல் எதையும் கற்பிக்க இயலாது.

உண்மை: உடலுறுப்புகள் இயங்கும் முறையை விளக்கும் உடலியங்கியலும், மருந்துகளின் வினையை ஆராயும் மருந்தியலும் திரையில் நன்றாகவே விளங்கும். மாட்டின் நான்கு இரைப்பை அறைகளுள் மிகப் பெரியதான ரூமென் என்னும் பெருவயிறு, நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு முறை சுருங்கித் தீவனத்தைக் கலக்குவதை அசைவுப்படம் காட்டும் தெளிவோடு கரும்பலகையால் காட்ட இயலாது.

நம்பிக்கை: தரமான காணொளி இருந்தால் செய்முறைப் பயிற்சி வேண்டியதில்லை.

உண்மை: பசுவின் சினைப் பரிசோதனையில் மருத்துவர் நீண்ட கையுறை அணிந்து, கையை மலக்குடலுக்குள் செலுத்தி, அதன் சுவர் வழியாகக் கருப்பையையும் சூலகங்களையும் தடவி அறிகிறார். கருப்பையின் அளவும் மென்மையும் உள்ளிருக்கும் நீர்மத்தின் தளும்பலும் விரலுக்கு மட்டுமே புலப்படுவதால், அதைப் படம்பிடித்தாலும் பசுவுக்குள் மறைந்த கையைத் தவிர மாணவர் காண்பதற்கு எதுவும் இராது. இக்குறையைப் போக்கவே பிரிட்டனில் சாரா பெய்லி, தொடு உணர்வைக் கணினிக் கருவி வழியே விரலுக்கு உணர்த்தும் 'ஹாப்டிக் கவ்' என்னும் மாதிரிப் பசுவை உருவாக்கினார். அதுவும் முன்பயிற்சிக்கு உரியதேயன்றி, நகர்ந்துகொண்டும் குடலைச் சுருக்கிக் கையை நெருக்கிக்கொண்டும் இருக்கும் உயிருள்ள பசுவுக்கு ஈடாகாது.

நம்பிக்கை: வீட்டிலிருந்தே முழுப் பட்டமும் பெற்று மருத்துவராகிவிடலாம்.

உண்மை: 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்டவரே மருத்துவராகப் பணியாற்ற முடியும். ஐந்தரை ஆண்டுப் படிப்பின் இறுதியில் வரும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி, அதாவது மேற்பார்வையின்கீழ் நேரடியாக மருத்துவம் பார்த்துப் பழகும் காலம், கட்டாயமானது.

நம்பிக்கை: இணையப் பாடம் நெருக்கடிக் காலத்துக்கான மாற்று ஏற்பாடு மட்டுமே.

உண்மை: ஒரே பசுவில் பல மாணவர்கள் அடுத்தடுத்துப் பயின்றால் அதன் மலக்குடலின் உட்படலம் புண்படும் என்பதால், ஒரு பசுவைக் கொண்டு ஒரு நாளில் பயிற்றக்கூடிய மாணவர்கள் சிலரே. உறுப்புகளின் இருப்பிடத்தையும் பரிசோதிக்கும் வரிசைமுறையையும் திரையில் முன்கூட்டியே கற்றுவரும் மாணவர், உள்ளே தேடித் துழாவும் நேரம் குறைகிறது; பசுவுக்கு நேரும் துன்பமும் அந்த அளவுக்குக் குறைகிறது. ஆகவே நெருக்கடி நீங்கிய பின்னும் இணையப் பாடத்துக்கு உரிய இடம், தொழுவத்துப் பயிற்சிக்கு முந்தைய படிநிலையே ஆகும்.